அபுதாபிக்கு ஒரு கேசட்

"எல்லாத்தையும் அவன்கிட்ட சொல்லிட்டேன் அக்னஸ். கேசட்டுல பேசியாச்சு" என்றாள் அற்புதம்மாள் கரகரத்த குரலில். கேசட்டை உள்ளே வைத்து, மடியில் இருந்த துணிப் பொட்டலத்தை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

அக்னஸ் காய்ப் பையைக் கீழே வைத்தாள். அபுதாபியில் இருக்கும் மகன் பிலோமின்ராஜுக்கு மாதம் ஒரு கேசட் பேசி அனுப்புவது மாமியாரின் வழக்கம். ப்ளே, ரெக்கார்ட் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பேச்சு பதியும் என்பதால், எப்போதும் அக்னஸ்தான் இரண்டு பட்டனையும் அமுக்கிக் கொடுப்பாள். இன்று மருமகளைப் பற்றியே பேச்சு. அதனால் அவள் காய் வாங்கப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு தானே பேசியிருக்கிறாள்.

"என்ன சொன்னீங்க அத்தை?"

"டைப்ரைட்டிங் கிளாஸ்னு சொல்லிட்டு நீ தில்லைநகர்ல எங்க போறேன்னு சொன்னேன். ஆம்பளைங்களோட உக்காந்து டிவிப் பெட்டியில விளையாடுறியாமே. பக்கத்து வீட்டு செல்வமேரி கண்ணால பாத்திருக்கா."

விளையாடவில்லை, விளையாட்டை எழுதுகிறேன் என்று இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? ஆறு மாதமாகக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, காவிரியில் பரிசல் ஓட்டும் வீடியோ கேம் ஒன்றை அக்னஸ் எழுதி முடித்திருந்தாள். மெட்ராஸ் கம்பெனிக்காரர் ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் வந்து தங்கியிருக்கிறார். பெண் எழுதியதா என்று போனில் இரண்டு தரம் கேட்டவர் அவர். இன்று பதினோரு மணிக்கு அவருடைய கம்ப்யூட்டரில் பரிசல் ஓடினால் அவளுக்கு வேலை. ஓடாவிட்டால் இன்னொரு வாய்ப்பு வராது.

அந்தக் கம்ப்யூட்டரில் எழுதுவதைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைக்க முடியும்; அவள் விளையாட்டு முழுவதும் ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. சாதா டேப்ரெக்கார்டரில் போட்டால் வெறும் கீச்சு இரைச்சல்தான் வரும். யாராவது கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்து, பெயர் எழுதாமல் மாதா பாட்டுக் கேசட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

அலமாரியைத் திறந்து பார்த்தாள். அது இல்லை.

"எந்தக் கேசட்ல பேசினீங்க?"

"அடியில பேரு எழுதாம சும்மா கெடந்துச்சே, அதுலதான்."

போயிற்று. ஆறு மாத உழைப்பின் மேல் மாமியாரின் புகார் பதிந்துவிட்டது. அதைக் கேட்டால் புருஷன் வாசற்படி தாண்டாதே என்பான். அக்னஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. இன்று ராத்திரி அபுதாபிக்குக் கிளம்பும் கிளமென்ட், பொட்டலத்தை வாங்க வந்துவிட்டான். அற்புதம்மாள் அவனைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு, தொண்டைக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தான்.

"அதை ஏன் கேக்கிற கிளமென்ட்டு. நான் பேச ஆரம்பிச்சதிலேருந்து அந்த டேப்ரெக்கார்டர் கீச்சு கீச்சுன்னு ஒரே கத்தல். நான் விடுவேனா? அதைவிடச் சத்தமாப் பத்து நிமிஷம் கத்தித்தான் பேசி முடிச்சேன்."

அக்னஸ் மெல்ல எழுந்தாள்.

"எத்தனை பட்டன் அமுக்கினீங்க அத்தை?"

"எத்தனையா? ஒண்ணுதான்."

"கிளமென்ட் அண்ணே, சாயங்காலம் வாங்க. அத்தை இன்னொரு தடவை பேசணும், நானே பட்டன் அமுக்கிக் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தின் தையலைப் பிரித்தபடியே அவள் ஜங்ஷன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.