தவிட்டுக்கு வாங்கிய மகள்

"அந்தப் பையைத் தொடாத. நீ கொஞ்சம் தள்ளி உக்காரு."

மனைவியை அதட்டிவிட்டு, மஞ்சள் பையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார் சிவசாமி. பைக்குள் மகளின் தாலி இருந்தது. நகைக்கடையில் வாங்கிய கையோடு நேராக புக்கிட் பெருவாங் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். குஞ்சம்மா அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். நகர்ந்து நகர்ந்து பழகிப்போனவள்.

எதிரே, மாப்பிள்ளையாகப் போகிற திலீபன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். போன வாரம் எடுத்த ரத்தத்துக்கு இன்று ரிசல்ட் வருகிறது. அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இதெல்லாம் தேவையா மாமா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவாங்க."

"தேவைதான். ரேடியோவத் தொறந்தா எய்ட்ஸ்ங்கிறான், அந்த நோவு இந்த நோவுங்கிறான். நீ தாய்லாந்துல ஹாட்யாய் வரைக்கும் லோரி ஓட்டுற. லோரிக்காரன் போற எடத்துல என்னென்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? நானும் தோட்டத்து லோரிய சிங்கப்பூருக்கு ஓட்டினவன்தான்."

"நான் அப்படி இல்ல லா மாமா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வான். ரத்தம் சொல்லட்டும். சொன்ன பிறகுதான் கல்யாணம்."

திலீபனின் முகம் சுருங்கியது. போன வாரமே எழுந்து போயிருப்பான். "ஒரு ஊசிக்கே இந்தப் பயமா? இங்க பாரு" என்று சிவசாமிதான் சட்டைக் கையை மடித்து, நர்ஸ் மிஸ்ஸியிடம் தன் கையையும் நீட்டி ரத்தம் கொடுத்து வீரம் காட்டினார். வீரம் காட்டுவதென்றால் அவருக்குச் சாப்பாடுகூட வேண்டாம். அதற்குப் பிறகு திலீபன் எப்படி மறுப்பான்?

"உங்க மக பிச்சை நேத்துகூட போன் பண்ணி, பந்தலுக்கு என்ன கலர் துணின்னு கேட்டுச்சு மாமா" என்றான் மெதுவாக.

"அவளுக்காகத்தான் இதெல்லாம். எனக்கு ஒரே மக. அவளுக்கு முன்னால மூணு புள்ளைங்க, மூணும் செத்துத்தான் பொறந்துச்சு. இவ வயித்து ராசி அப்படி." குஞ்சம்மாவின் பக்கம் தாடையை ஆட்டினார். "நாலாவதாப் பொறந்தவளக் குப்பையில கிடத்தி, பக்கத்து வீட்டு சுப்பம்மாவ எடுக்கச் சொல்லி, அவகிட்ட ஒரு முறம் தவிடு குடுத்து வாங்கினேன். பிச்சையம்மான்னு பேரும் வச்சேன். அப்பத்தான் எமன் ஏமாந்தான். அப்படிக் காப்பாத்தின புள்ளைய ஒரு நோயாளி கையில குடுப்பேனா?"

குஞ்சம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்தக் கல்யாணத்தில் எதையும் தொட அவளுக்கு அனுமதி இல்லை. கூறைப்புடவையைத் தடவிப் பார்க்கக்கூட விடவில்லை. பெற்றவளுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

மிஸ்ஸி கூப்பிட்டாள். மூவரும் உள்ளே போனார்கள். டாக்டர் நிர்மலாதேவி சிரிக்கவில்லை.

"அங்கிள், ரத்தத்துல ஒண்ணு தெரியுது. எல்லார் முன்னாடியும் வேணாம். தனியாப் பேசலாம்."

திலீபன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தனியா என்ன பேச்சு? எல்லாரும் இருக்கட்டும். இவளும் கேக்கட்டும்" என்றார் சிவசாமி.

"நிச்சயமா அங்கிள்?"

"நிச்சயம். சும்மா சொல்லுங்க டாக்டரம்மா."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சிபிலிஸ். நம்ம ஆளுங்க மேகநோய்னு சொல்வாங்க. நோய் இருக்கிறவங்களோட உறவு வச்சா ஒட்டிக்கும். முதல்ல வலி இல்லாம ஒரு புண்ணு வரும், அது தானா ஆறிடும். சரியாப் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. ஆனா நோய் போகாது. வருஷக்கணக்கா ரத்தத்துல ஒளிஞ்சு கிடக்கும். அப்படியே விட்டா இருதயம், மூளை வரைக்கும் கெடுக்கும்."

சிவசாமி மேசையில் ஓங்கி அடித்தார்.

"கேட்டியாடா? மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். கல்யாணம் நின்னு போச்சு, எந்திரிச்சுப் போ."

"மாமா, சத்தியமா நான்..." திலீபனுக்குக் குரல் உடைந்தது. அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

"முழுசாக் கேளுங்க அங்கிள். பென்சிலின் ஊசி போட்டா கிருமி செத்துடும். ஆனா பொண்டாட்டிக்கும் ஒட்டியிருக்கும், அவங்களுக்கும் பாக்கணும். நோய் புதுசா இருக்கிற நேரத்துல அவங்க உண்டானா, புள்ள வயித்துலயே செத்துடலாம். ஒண்ணு மட்டுமில்ல, வரிசையாக்கூட. வருஷம் போய் நோய் பழசான பிறகு பொறக்கிற புள்ள பிழைச்சுக்கும்."

"என் மக வயித்த சுடுகாடாக்கப் பாத்தியேடா, பாவி" என்று சிவசாமி திலீபன் மேல் பாய்ந்தார். டாக்டர் கையை நீட்டித் தடுத்து, தாலிப் பையோடு உட்கார வைத்தார்.

குஞ்சம்மாவின் விரல் நின்றது. சுற்றிய சேலைத் தலைப்பு தானாக அவிழ்ந்து விழுந்தது. அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"முதல் புள்ளைங்க சாகும், கடைசியாப் பொறக்கிறது பிழைக்கும்னா சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"இது யாரு ரத்தம் டாக்டரம்மா?"

டாக்டர் சிவசாமியைப் பார்த்தார். "அங்கிள், நீங்கதான் எல்லார் முன்னாடியும் சொல்லச் சொன்னீங்க. தம்பி ரத்தத்துல ஒண்ணும் இல்ல."

குஞ்சம்மா கையை நீட்டி, கணவரின் மடியில் கிடந்த மஞ்சள் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.