ஒழுகாத வண்டி

காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி அவன் பவுடர் பூசிக்கொண்டிருந்தான்.

முகத்துக்குப் போடும் அதே பவுடர்தான்.

முதலில் மண்ணெண்ணெய் தொட்டு கியர் பெட்டியின் அழுக்கையெல்லாம் துடைத்தான். காய்ந்ததும் இந்த வெள்ளைப் பூச்சு. இனி என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால் போதும். எண்ணெய் சொட்டும் இடத்தை நம்ப முடியாது; காற்று அதை எங்கெங்கோ தள்ளிக்கொண்டு போயிருக்கும். கியர் எண்ணெய் சிவப்பு; வெள்ளையில் அதன் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

"என்னப்பா, எங்கூட்டு வண்டியைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

இன்னாசி சார் குனிந்து பார்த்துச் சிரித்தார். காபித் தோட்டத்து மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால்தான் கிளட்ச் இல்லாத இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் கார். ஏற்காட்டில் இவன் பட்டறைக்கு வரும் ஒரே ஆட்டோமேட்டிக் அதுதான்.

கோடு விழுந்தது.

எண்ணெயைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டு போகும் குழாய். ரப்பர் விறைத்து, வாயோரம் வெடித்திருந்தது.

புதுக் குழாய். புதுக் கிளாம்ப். மறுபடி பவுடர். மறுபடி என்ஜின்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய குழாயை வளைத்து, வெடிப்பு எப்படி வாய் திறக்கிறது என்று சாரிடம் காட்டினான். குளிரில் சுருங்கும், சூட்டில் விரியும், அதனால்தான் நின்றால் ஒரு மாதிரி, ஓடினால் ஒரு மாதிரி ஒழுகியது என்றான்.

முன் இருக்கையிலிருந்து சாரின் மனைவி பிலோமினா அம்மா குரல் கொடுத்தார்.

"என்னங்க, அங்க அவளுக்கு வலி எடுத்துருச்சாம். நீங்க இங்க ஓட்டைக் குழாய்ல பாடம் படிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

சேலம் ஆஸ்பத்திரியில் மகள். தலைப்பிரசவம்.

"இந்தா ஆச்சும்மா" என்றபடி அவன் என்ஜினை அணைத்தான். அளவுகோலை உருவினான், துடைத்தான், விட்டு எடுத்தான். கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு டப்பா ஊற்றினான். மறுபடி பார்த்தான். கோட்டைச் சரியாகத் தொட்டது.

இவ்வளவு நாள் ஒழுகியும் இவ்வளவுதான் போயிருக்கிறதா?

மீதி டப்பாக்களை ஓரமாக வைத்தான். கார் முனகாமல், உதறாமல் பட்டறையை விட்டுப் போனது. அது தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்தது ஐயந்துரையின் ஜீப். என்ஜின் ஆயில் பார்க்க வேண்டும். ஐயந்துரை ஜீப்பை ஓடவிட்டபடியே இறங்கி வந்தார்.

"அணைங்கண்ணா. மேல போன ஆயிலெல்லாம் கீழ எறங்கி நின்னாத்தான அளவு தெரியும்?"

சொல்லிவிட்டு, அப்படியே நின்றான்.

என்ஜினுக்கு அது சரி.

ஆட்டோமேட்டிக் கியருக்கு நேர்மாறு. அணைத்தால், மேலே சுற்றிக்கொண்டிருந்த எண்ணெய் கீழ்த்தட்டில் வந்து நிறையும். குறைவாக இருந்தாலும் நிறைவாகக் காட்டும். என்ஜின் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

இது அவனுக்குத் தெரியும். யார் கேட்டாலும் படம் போட்டு விளக்குவான்.

சாவியைத் திருப்பிய கைக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

சாரைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் கூப்பிட்டான்.

"என்னப்பா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

ஐயந்துரை கேட்டு முடிப்பதற்குள் பைக்கை உதைத்தான்.

சமதரையில் ஒன்றும் தெரியாது. கடைத்தெரு வரை வண்டி பூப்போலப் போகும். இறக்கம் வந்ததும் தட்டிலுள்ள எண்ணெய் முன்பக்கம் ஒதுங்கும். வளைவில் ஒருபக்கம் சாயும். பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். அழுத்தம் விழும். கியரைப் பிடித்து வைத்திருப்பதே அந்த அழுத்தம்தான். அது விட்டால் என்ஜின் தனி, சக்கரம் தனி. கீழிறங்கும் வண்டியை இழுத்துப் பிடிக்க பிரேக் ஒன்றுதான் மிச்சம். ஒவ்வொரு வளைவிலும் அது சூட்டில் காயும். காயக் காயப் பிடிப்பு குறையும்.

எந்த வளைவில் என்று மட்டும் அவனால் சொல்ல முடியாது.

சேலத்துக்கு இறங்க இரண்டு பாதைகள். ஒன்று கொண்டை ஊசி வளைவுகளின் வழி. மற்றது குப்பனூர் வழி, வண்டிகள் குறைவு. அவசரமென்றால் எதிலும் போகலாம்.

பிரியும் இடத்தில் நிறுத்தினான். பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டான். வெள்ளைக் கார், பழசு, வயசானவர், பக்கத்தில் ஒரு அம்மா.

"காலைலேருந்து நான் பாத்த காரெல்லாம் வெள்ளைதாம்பா."

அவன் இறங்கி, சாலையில் மண்டியிட்டான்.

நேற்று பட்டறைக்கு வரும்போது அந்தக் கார் வழிநெடுகச் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தது. பிள்ளைகள்கூட அதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

இடப்பக்கச் சாலையைப் பார்த்தான். வலப்பக்கச் சாலையைப் பார்த்தான். உள்ளங்கையால் தாரைத் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தான்.

வெறும் தூசி.

அவ்வளவு கச்சிதமாக அடைத்திருந்தான்.