நூல் அறுக்கும் ஓட்டம்

"ஊரே சேத்துக்குள்ள கெடக்கு. இவளுக்கு இப்பதான் விசேஷம் கேக்குது."

பக்கத்துப் பாயில் இருந்த கனிஷாயின் காதில் விழட்டும் என்றேதான் நூர்ஸாத் சொன்னாள்.

மலையிலிருந்து சேற்று வெள்ளம் இறங்கி ஆறு நாளாகிறது. நாலு கிராமத்து ஜனங்களும் இந்தப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில்தான் பாய் விரித்திருந்தார்கள். ஆறு நாள் பழக்கத்தில் அடுத்தவர் குறட்டை வரைக்கும் அத்துப்படி, அதற்கு மேல் யாருக்கும் யாரையும் தெரியாது.

கனிஷாய் மேல் கிராமத்துக்காரி. அவள் பையன் பெக்தூருக்கு ஒன்றேகால் வயது. இன்றைக்கு அவனுக்குக் கால்நூல் அறுக்கப் போகிறாளாம். நடை பழகும் பிள்ளைக்குச் செய்கிற விசேஷம் அது. கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த கம்பளி நூலால் காலைக் கட்டி நிறுத்துவார்கள். மற்ற பிள்ளைகள் ஓடி வர, முந்தி வருகிற பிள்ளை கத்தியால் நூலை அறுக்கும். அறுத்த பிள்ளையின் குணம் அப்படியே இவனுக்கும் வந்துவிடும்.

நூர்ஸாத்துக்கு வயிறு எரிந்தது. எரியத்தானே செய்யும். அவளுடைய ஐந்து வயது மகள் சைகல், வெள்ளம் வந்த நாளிலிருந்து காலைத் தரையில் வைக்கவில்லை. கக்கூசுக்குக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஓஷ் நகரத்திலிருந்து வந்த டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, காலில் ஒன்றுமில்லை, பயம்தான், விளையாட விடுங்கள் என்றார். பிள்ளைகளை விளையாட வைக்க வந்த பெண்ணும் கலர் பென்சில், பந்து என்று என்னென்னவோ நீட்டிப் பார்த்தாள். சைகல் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கும் புருஷன் ஃபோனில் கேட்கும்போதெல்லாம், மகள் ஓடி விளையாடுகிறாள் என்று நூர்ஸாத் பொய் சொன்னாள். சொல்லிவிட்டு, கூடத்தை நாலு சுற்று சுற்றி வருவாள். ஓரிடத்தில் உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும்.

இந்த லட்சணத்தில், நடக்காத பிள்ளைக்குப் பக்கத்திலேயே நடக்கிற பிள்ளைக்குக் கொண்டாட்டமா?

கனிஷாயோ காலையிலிருந்து கூடத்தையே இரண்டு படுத்திக்கொண்டிருந்தாள். ஒருத்தியின் கிழிந்த சால்வையிலிருந்து கறுப்பு நூல் உருவினாள், இன்னொருத்தியின் காலுறையிலிருந்து வெள்ளை. சமையல்காரியிடம் கெஞ்சி விசேஷத்துக்கான மாவுப் பலகாரம் போர்சோக் ஒரு தட்டு பொரித்து வாங்கினாள். நாலடி வைத்தால் அஞ்சாவது அடிக்கு விழுகிறான், நூல் அறுக்காத காலாச்சே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு.

கடைசியில் சைகலின் போர்வைக்குப் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தாள்.

"சைகல், நீதான் வந்து அறுக்கணும்."

நூர்ஸாத்துக்குச் சுருக்கென்றது. "என் பொண்ணு நெலம தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான்க்கா." கனிஷாய் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குழந்தையிடமே பேசினாள். "முழங்கால் வரைக்கும் சேறு. அதுலேருந்து கால உருவிக்கிட்டு வந்தவ நீ. எம்பையனுக்கு அந்தக் கால்தான்டி வேணும்."

ஆறு நாளாகச் சைகல் முன்னால் சேறு என்ற சொல்லையே யாரும் எடுத்ததில்லை. நூர்ஸாத் பல்லைக் கடித்துக்கொண்டு, போதும், எழுந்து போ என்றாள். அவளும் போய்விட்டாள்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா, அவன் விழுந்துக்கிட்டேதான் இருப்பானா?"

"பேசாம படு."

மதியச் சாப்பாடு முடிந்ததும் பதினைந்து இருபது பிள்ளைகள் கூடத்தின் ஒரு கோடியில் வரிசை கட்டினார்கள். மறுகோடியில் கால் கட்டிய பெக்தூரைப் பிடித்தபடி கனிஷாய். யாரோ கை தட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் பெரிய பையன்கள் பாய்ந்து வந்து நின்றார்கள்.

அப்போது பார்த்து கனிஷாய்க்குக் கத்தியைக் காணோம்.

பையைத் துழாவினாள், தட்டைத் தூக்கிப் பார்த்தாள், போர்வையை உதறினாள். இங்கேதானே வைத்தேன் என்று புலம்பினாள். முந்தி வந்த பையன் நீட்டிய கையோடு நின்றான். இவள் விசேஷம் நடத்துகிற அழகைப் பாரு என்று நூர்ஸாத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடித்துக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பாயில் போர்வை மட்டும்தான் கிடந்தது.

சைகல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கால் வைத்தாள். நின்றாள். இன்னொரு கால். பாதிக் கூடம் வரைக்கும் நடைதான். அப்புறம் சுவரை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். நூர்ஸாத் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் நின்றுவிடுவாளோ என்று பயம்.

கத்தி கனிஷாயின் சட்டைக் கைக்குள்ளேயே இருந்ததாம். முந்தி வந்த பையனின் வாயில் ஒரு போர்சோக்கைத் திணித்துவிட்டு, கத்தியைச் சைகலிடம் கொடுத்தாள். சைகல் நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து அறுத்தாள். நூல் விட்டதுதான் தாமதம், பெக்தூர் கூடத்தின் குறுக்கே ஓட்டமெடுத்தான். சைகல் அவன் பின்னாலேயே ஓடினாள்.

நூர்ஸாத் அழுதாள், சிரித்தாள். காலையில் பேசிய பேச்சை நினைத்து, கனிஷாயின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் கனிஷாயின் புருஷன் வீட்டுச் சேற்றை அள்ளிவிட்டு மண்வெட்டியோடு வந்தான். அவன் கைகூடக் கழுவவில்லை, நூர்ஸாத் எதிரே போய் நின்றாள்.

"நல்ல விசேஷத்த கோட்ட விட்டுட்டீங்களே தம்பி. உங்க பையனுக்கு இன்னிக்குக் கால்நூல் அறுத்தாச்சு. எம்பொண்ணுதான் அறுத்தா."

அவன் திருதிருவென்று விழித்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். கனிஷாய்க்குத் திடீரென்று மடித்த போர்வையையே மறுபடி மடிக்க வேண்டியிருந்தது.

"மறுபடியுமா?" என்றான் அவன். "இவனுக்குத்தான் நவ்ரூஸ் பண்டிகையிலயே ஆடு அடிச்சு, ஊரக் கூட்டி அறுத்தாச்சேக்கா."