ஆகாசத்தை இறக்கிய கம்ப்யூட்டர்

"என்னைக் கிரேன்ல இருந்து இறக்கின கம்ப்யூட்டர் எது? காட்டுங்க மேடம். அது மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை கேக்கணும்!"

கிரேன் ஆபரேட்டர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சைட் ஆபீசுக்குள் வந்து நின்றார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கிரேன் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவருக்கு வீடு. அதனால் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'ஆகாசம்' அண்ணன்.

பின்னாலேயே சைட் இன்ஜினீயர். நியாயம் கேட்கத் துணைக்கு வந்திருந்தான்.

புராஜெக்ட் மேனேஜர் மேடம் அலட்டிக்கொள்ளவில்லை. மேஜை மேல் இருந்த மானிட்டரை ஆகாசத்தின் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுதான்."

ஆகாசம் குனிந்து அதை முறைத்தார்.

"ஏம்ப்பா, காத்து அடிக்கும்போது ஒரு கம்பிக் கட்டாவது தூக்கியிருக்கியா நீ? இல்ல, மேல ஏறி வந்து ஒருநாள் கீழே எட்டிப் பார்த்திருக்கியா?"

மானிட்டர் சட்டென்று இருட்டானது.

"பாருங்க, கண்ணை மூடிக்கிச்சு! குத்தமுள்ள நெஞ்சு!"

கம்பெனிக்கு அந்தப் புது சாஃப்ட்வேர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கொள்முதல், ஸ்டோர், வருகைப் பதிவு, பில், யாருக்கு எங்கே வேலை என்பது எல்லாமே ஒரே இடத்தில். வந்ததிலிருந்து சைட்டில் ஒரே கூத்து. ஒரு பொட்டலம் ஆணிக்கு டைரக்டர் வரைக்கும் ஒப்புதல் கேட்டது. கான்கிரீட் லாரிக்கோ யாரையும் கேட்காமல் 'சரி' என்றது. லீவில் போன வாட்ச்மேனை 'இருப்பில் இல்லை' என்று ஸ்டோர் பக்கத்தில் காட்டியது.

இன்று காலை ஆகாசத்தின் பெயருக்கு நேரே 'தரைப் பணி' என்று காட்டிவிட்டது.

"மேடம், இது அநியாயம்" என்றான் இன்ஜினீயர். "அண்ணன் தூக்கின பாரம் இதுவரைக்கும் ஒண்ணாவது தவறி விழுந்திருக்கா? அவரைப் போய்..."

"நான் என்னப்பா பண்றது? சிஸ்டம் அப்படிச் சொல்லுது. இனிமே அண்ணன் கீழே நின்னு பாரம் ஏத்துறதைக் கவனிக்கிற சூப்பர்வைசர். சம்பளத்துல கை வைக்கலை. மேலே வேற ஆபரேட்டர் போவார்."

"சிஸ்டம் கிணத்துல குதின்னு சொன்னா குதிச்சிடுவீங்களா?"

"எந்தக் கிணறுன்னு கேட்டுட்டுக் குதிப்பேன்."

இன்ஜினீயருக்கு முகம் சிவந்தது. ஆகாசம்தான் அவன் தோளைத் தட்டினார்.

"விடுங்க தம்பி. ஒரு மனுஷன் சொல்லியிருந்தா மல்லுக்கு நின்னிருப்பேன். இந்தப் பொட்டிகிட்டப் போய் என்னத்தைச் சண்டை போடறது? செவுத்துல முட்டிக்கிட்டா நம்ம தலைதான் வீங்கும்."

வாக்கி-டாக்கியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். அடுத்த நிமிஷமே வெளியே அவர் குரல் கணீரென்று கேட்டது.

"சேதி கேட்டீங்களாப்பா? கம்ப்யூட்டர் என்னைக் கீழே இறக்கிடுச்சாம்! நான் அதை விட உசரத்துல உட்கார்ந்திருக்கேன்னு அதுக்குப் பொறாமை!"

"நாசமாப் போற மெஷின், அண்ணே!" என்று கம்பி கட்டுகிறவர்கள் கோரஸ் பாடினார்கள்.

இன்ஜினீயருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து அறையில் அக்கவுண்ட்ஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர்காரரைக் கையோடு இழுத்து வந்தான்.

"நீங்களே சொல்லுங்க சார். எந்தக் கணக்குல உங்க சாஃப்ட்வேர் எங்க அண்ணனை இறக்குச்சு?"

சாஃப்ட்வேர்காரர் திருதிருவென்று விழித்தார்.

"எங்க சாஃப்ட்வேரா? ஆளை மாத்துச்சா? அதுக்கு அவ்வளவு மூளை கிடையாது சார். நாம எதை அடிச்சு வைக்கிறோமோ, அதைத் திருப்பிக் காட்டும். அவ்வளவுதான்."

இன்ஜினீயர் மெதுவாக மேடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

மேடம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நேத்து அண்ணனோட சம்சாரம் வந்திருந்தாங்க. மேலே கூண்டுல உட்கார்ந்திருக்கும்போது அவருக்குத் தலை சுத்துதாம். ஒருநாள் கண்ணே இருட்டிடுச்சாம். வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு மூச்சு விடாம இருக்கார். 'இன்னிக்கு வீட்டுக்கு வருவாரா'ன்னு தினமும் வாசலைப் பார்த்துட்டு நிக்கிறேன்னு அந்தம்மா ஒரே அழுகை."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மேடம்..."

"நான் வந்ததே யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்கப்பா. நான் இறக்கினேன்னு சொன்னா, ஏன், எதுக்குன்னு சைட்டே நோண்டும். கம்ப்யூட்டர் இறக்குச்சுன்னா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. நல்லாத் திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும், அதுக்கென்ன ரோஷமா வரப்போகுது? காலைல நானே உட்கார்ந்து அடிச்சேன்."

சாஃப்ட்வேர்காரர் இருட்டாகிக் கிடந்த மானிட்டரை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

இன்ஜினீயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கீபோர்டைத் தன் பக்கம் திருப்பி, மளமளவென்று தட்ட ஆரம்பித்தான்.

"ஏய், என்னப்பா பண்றே?"

"டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டிட்டு வரச் சொல்லி அண்ணனுக்கு ஒரு ஆர்டர் போடறேன் மேடம். மனுஷங்க நாம சொன்னா அவர் கேப்பாரா?"