மறுப்பது மரபு

டோரீன் ஹால்வர்சன் மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சபை சிரித்தது.

புதிய சபாநாயகர் நாற்காலிக்குப் போக மாட்டேன் என்று முரண்டு பிடிக்க வேண்டும். முதல்வர் ஒரு கையையும் எதிர்க்கட்சித் தலைவர் மறு கையையும் பற்றி இழுத்துப் போக வேண்டும். மன்னருக்குப் பிடிக்காத சேதி சொன்ன சபாநாயகர்களுக்குத் தலை போன காலத்து வழக்கம் அது. இப்போது தலை போவதில்லை, சம்பளம் கூடுகிறது. முரண்டு மட்டும் மிச்சம்.

"நெஜமாவே எனக்கு வேண்டாங்க," என்றாள் டோரீன்.

மேசைகள் தடதடத்தன. "ஒட்டாவா பார்லிமெண்ட்டுலகூட இப்படி ஒரு நடிப்பைப் பாத்ததில்லப்பா! போன தடவை அந்த மனுஷன் கல்யாண மாப்பிள்ளை மாதிரியில்ல நடந்து போனாரு!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

அந்த மனுஷன் இப்போது மந்திரி.

கனடாவின் இந்த மாகாணச் சபை பார்க்கும் மூன்றாவது முதல்வர் ஃபென்விக். முதலாமவர் சாப்பாட்டுத் தட்டுவரைக்கும் வரியைக் கொண்டுவந்தார், அதனாலேயே போனார். அடுத்தவர் வரியை மக்களுக்கு விளக்கப் புறப்பட்டார். மக்கள் அவருக்கு விளக்கி அனுப்பினார்கள். ஃபென்விக் கெட்டிக்காரர். வரியின் பெயரை மட்டும் மாற்றினார். கூடவே பழைய சபாநாயகரை மந்திரியாக்கி நாற்காலியைக் காலி செய்தார்.

நாளை அந்த வரியை ஒழிக்கும் மசோதா மீது ஓட்டெடுப்பு. எதிர்க்கட்சி கொண்டுவந்த மசோதா. ஆளுங்கட்சியில் ஒரே ஒருவர் மாறி ஓட்டுப் போட்டால் வரி ஒழியும்.

அந்த ஒருவர் டோரீன். மர ஆலை மூடிப்போன தன் ஊரில், பெர்னீஸின் சாப்பாட்டுக் கடையில், முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சத்தியம் செய்திருந்தாள். இந்த வரி இன்னொரு குளிர்காலம் நீடித்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பெர்னீஸ் சொல்லியிருந்தாள்.

சபாநாயகருக்கு ஓட்டு கிடையாது. இரு பக்கமும் சமமாக விழுந்தால் மட்டும் உண்டு. பழைய சபாநாயகர் மந்திரியாகி ஓட்டுப் போட வந்துவிட்டதால் சமமாக விழாதென்று ஃபென்விக்குக்குத் தெரியும்.

போட்டி வேண்டாம் என்பவர்கள் நேற்று மாலைக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காத எல்லாரும் வேட்பாளர்கள். டோரீன் கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவளை ஒரு உப்புச்சப்பில்லாத குழுவுக்குக்கூடத் தலைவியாக்க எவருக்கும் தோன்றியதில்லை. இன்று ரகசிய ஓட்டெடுப்பில் முதல் சுற்றிலேயே ஜெயித்துவிட்டாள்.

மேசையிலிருந்து விரல்கள் பிரிந்தன. ஒரு காலணி கழன்று விழுந்தது.

"இது நடிப்பில்லை," என்றாள் சபைச் செயலரிடம்.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க மேடம்," என்றார் செயலர், பரிவோடு.

மேலே பார்வையாளர் மாடத்தில், படகு பிடித்து வந்திருந்த பெர்னீஸ் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் ஊர்க்காரிக்கு எத்தனை பெரிய மரியாதை!

டோரீன் இடப்பக்கம் திரும்பினாள். எதிர்க்கட்சித் தலைவர் கொவால்சக். மசோதா அவருடையது. ஏழையின் காலைச் சாப்பாட்டில் கைவைக்கிறார்களே என்று இதே சபையில் குரல் தழுதழுத்தவர். போன வாரம் அவள் அறைக்கே வந்து, உங்கள் ஒரு ஓட்டு போதும் என்று கெஞ்சியவர்.

இவர் கையை விட்டால் போதும். மரபு அறுந்தால் சிரிப்பு நிற்கும். சிரிப்பு நின்றால் அவள் சொல்வது காதில் விழும்.

"விட்டுடுங்க," என்றாள் மெதுவாக. "நான் அங்க உக்காந்தா நாளைக்கு உங்க மசோதா செத்துடும்."

கொவால்சக் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மேடைப் படியருகே ஃபென்விக்குக்கு மூச்சு வாங்கியது. வயதான மனிதர். அவள் வலது கையை விட்டுவிட்டு, கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

டோரீன் பின்பக்கமாகச் சாய்ந்து, முழு பலத்தோடு காலை ஊன்றினாள்.

ஆனாலும் அவள் படியேறிக்கொண்டிருந்தாள்.

"வசந்தத்துல தேர்தல் வருது," என்றார் கொவால்சக், உதடு அசையாமல். "வரி போயிட்டா நாங்க எதைத் திட்டி ஓட்டுக் கேக்கிறது? உக்காருங்கம்மா."