இருக்கு, தரமாட்டேன்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் நாளைக் காலைக் காப்பிக்குள் என் பல்செட்டு விழுந்து தொலையட்டும். அத்தனையும் உண்மை.

ஸ்ரீவைகுண்டம் தாணுமாலையன் வாழை விவசாயி. வாழ்நாளில் ஒரே ஒரு நாவல் எழுதினார். தலையணைப் பருமன். முதல் அத்தியாயத்தில் நட்ட கன்று கடைசி அத்தியாயத்தில்தான் குலை தள்ளும்.

சொந்தக் காசில் அச்சடித்து, பேட்டையில் அரிசி யாவாரம் பார்க்கும் ஷேக் மைதீனிடம் விற்கக் கொடுத்தார். கூடப் படித்த சிநேகிதன். வருஷம் திரும்புவதற்குள் எல்லாம் விற்றுப்போனது. அன்றிலிருந்து தாணுவின் நடையே மாறிவிட்டது. "மறுபதிப்பு எப்போ?" என்று நம்மைக் கேட்க வைத்த பிறகுதான் காப்பி வாங்கித் தருவார்.

அப்புறம் அந்தப் பெருவெள்ளம். தாணு வீட்டிலிருந்த பிரதிகளை ஆறு அள்ளிக்கொண்டு போனது. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் மீனெல்லாம் இப்போது அத்தியாயம் அத்தியாயமாய்க் கதை சொல்லுதாம்.

இனி நாவல் எங்கும் கிடைக்காது என்றதும் தாணுவுக்கு வெறி பிடித்துவிட்டது. தோட்டத்தை விற்றாவது மறுபதிப்பு போடுவேன் என்று தரகரோடு அலைந்தார். அந்தத் தோட்டத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பே எரியுது. மனைவி முத்துராணி சாப்பிடாமல் கிடந்தாள். அச்சகத்துக்காரர் கேட்டதோ, பார்த்து அடிக்க ஒரே ஒரு பிரதி.

ஷேக் மைதீனிடம் போனார். அவர் ஐவேளை தொழுகிறவர், பொய் வாயில் வராது.

"இருக்கு. தரமாட்டேன்" என்றார்.

தாணு கெஞ்சினார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு வாய்க்கு வந்தபடி வைதார். பொறாமைதான் என்றது ஊர். நானும் என் பங்குக்கு ரெண்டு சேர்த்தேன். மைதீன் மகள் தஸ்லிமா கல்யாணத்துக்குக்கூட தாணு வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்து மைதீன் பிரியாணியில் கை வைக்கவே இல்லை.

நான் வயிறு முட்டத் தின்றுவிட்டு நேரே கேட்டேன். "என்ன வே, உசிர்ச் சிநேகிதனைவிட ஒரு புஸ்தகமா பெருசு?"

மைதீன் என்னை அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனார். மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். கூரை முட்ட தாணுவின் நாவல். அச்சகத்தில் கட்டிய சணல்கூட அவிழ்க்கவில்லை.

"எல்லாம் வித்துப்போச்சுன்னு சொன்னீரே வே?"

"வித்துத்தான் போச்சு. யாரு வாங்குனான்னு அவன் கேக்கலையே."

"சரி, இதுல ஒண்ணு குடுத்தா என்ன?"

தார்ப்பாயைப் பைய இழுத்து மூடினார். "குடுத்தா இன்னும் இவ்வளவு அடிச்சுக் கொண்டாந்து இறக்குவான். எனக்கு இன்னொரு கிட்டங்கி கெடையாது வே. அவனுக்கு இன்னொரு தோட்டம் கெடையாது."

இது உம்மோடு இருக்கட்டும். தாணு கேட்டால் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தான் என்று சொல்லும். என் பேரை மட்டும் எடுத்துவிடாதேயும்.