முதல் பந்தி

"இன்னிக்கு முதல் தட்டு அம்மாவுக்கு. அதுவரைக்கும் யாரும் கறிமேல கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

ஜூலியா கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றாள். கிண்ணத்தை நோக்கி நீண்ட தம்பி எரிக்கின் கை சட்டென்று பின்வாங்கியது.

"ஆய்து, ஆய்து, சரி. கரண்டியை இறக்குக்கா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், மர்பி டவுனில் அந்தச் சின்ன வீட்டில் போர்க் வறுவல்தான். அப்பா தியோடரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பிடி பிடிப்பார்கள். அம்மா அல்போன்சா மட்டும், எல்லாரும் எழுந்த பிறகு, சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டுத் தனியாகச் சாப்பிடுவாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஜூலியா பார்க்கும் காட்சி இது. அந்த வீட்டின் முதல் டிகிரி அவளுடையது. படிக்கப் படிக்க, அந்தக் கதவைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு இப்போ பசியில்லடி. நீங்க துன்னுங்க, நான் அப்பறம்..." என்று இழுத்தாள் அல்போன்சா.

"அப்பறம்னா எப்போ? நாங்க மிச்சம் வெச்ச எலும்பைக் கடிக்கவா இந்த வீட்டுக்கு வாழ வந்தே?"

"நான் எப்பவாவது அவளை உக்காராதேன்னு சொன்னேனா?" தியோடர் பரிதாபமாகக் கேட்டார்.

"உக்காருன்னு ஒருநாளாவது சொன்னீங்களா, டாடி?"

தியோடர் நகர்ந்து இடம் விட்டார். தானே எழுந்து மனைவிக்குத் தண்ணீரும் மொண்டு வைத்தார்.

கொழுப்பும் சதையுமாய் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி அம்மாவின் தட்டை நிறைத்தாள் ஜூலியா. அல்போன்சா ஒரு வாய் வைத்தாள். கண் மட்டும் சமையலறைப் பக்கமே போய்ப் போய் வந்தது.

"கேஸை ஆஃப் பண்ணேனா தெரியல..."

"நான் பண்ணிட்டேன். உக்காரு."

"பூனை வரும்டி..."

"வரட்டும். அதுவும் ஞாயித்துக்கிழமை கொண்டாடட்டும். உக்காரும்மா!"

தோளை அழுத்தி உட்கார வைத்தாள். எப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள், சூடாக நாலு வாய் சாப்பிடக்கூட இவளுக்கு உடம்பு கூசுகிறதே என்று நினைத்தபடி தம்பி பக்கம் திரும்பினாள்.

"எரிக், இன்னிக்குப் பாத்திரம் உன் வேலை. போ, அந்தக் கறிச் சட்டியில தண்ணி ஊத்தி ஊற வை."

"ஐயோ, தண்ணி ஊத்தாதடா!"

தட்டைத் தள்ளிவிட்டு ஓடினாள் அல்போன்சா. பின்னாலேயே மூவரும் ஓடினார்கள்.

இரும்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அடியில் ஒட்டிய மசாலாவில் சோற்றைப் போட்டு, சுரண்டிச் சுரண்டிப் பிசைந்து, ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினாள். நற்கருணை வாங்கும்போதுகூட அம்மாவின் முகம் இப்படி மலர்ந்து ஜூலியா பார்த்ததில்லை.

கண்ணைத் திறந்தால், சமையலறை வாசலில் மூன்று தலைகள்.

"கறி பூராவும் உங்களுக்குத்தானே குடுத்தேன்? இந்தச் சட்டிச் சோறு ஒண்ணுதான் எனக்கு. அதுக்கும் வந்துட்டீங்களா?" சலித்துக்கொண்டே ஓர் உருண்டை உருட்டி மகள் வாயில் திணித்தாள்.

ஜூலியா மென்றாள். நிறுத்தினாள். அதுவரை அப்பாமேல் இருந்த கோபம் மொத்தமும் அம்மா பக்கம் திரும்பியது.

"அடிப்பாவி அம்மா! இத்தனை வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் தனியா தின்னியா?"